அறுவைச் சிகிச்சை செய்தால் தோள் வலி போய்விடுமா?

மாணவர்களே, பூப்பந்து, கைப்பந்து, நீச்சல் என்று கையைத் தலைக்கு மேல் வீசும் விளையாட்டுகளில் நீங்கள் ஈடுபடுபவரா? தோளின் முன்பக்கம் வலித்தால், "ஆப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லக்கூடும். அதை உடனே நம்பாதீர்கள் என்பதே என் கருத்து.

கையை மடக்கினால் புடைக்கும் இருதலைத் தசைக்கு மேல்முனையில் இரண்டு தசைநாண்கள் உள்ளன. அவற்றில் நீளமானது தோள் மூட்டுக்குள் நுழைந்து, தோள் குழியின் மேல் விளிம்பைப் பற்றியிருக்கிறது. அந்த இடம் கிழியலாம், தசைநாண் அழற்சியுறலாம்.

மருத்துவர்களிடம் மூன்று வழிகள் உண்டு. கிழிந்த விளிம்பைத் தைக்கலாம். தசைநாணை வெட்டி மேற்கை எலும்பில் பொருத்தலாம். வெட்டி அப்படியே விட்டும் விடலாம்! மற்றொரு தசைநாண் இருப்பதால் கை செயலிழக்காது. ஆனால், தசை கீழே இறங்கிப் புடைத்துத் தெரியலாம்.

இவை உண்மையில் எவ்வளவு உதவுகின்றன? 2017இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. விளிம்பு கிழிந்த 118 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவுக்குத் தையல். இரண்டாம் குழுவுக்குத் தசைநாண் இடமாற்றம். மூன்றாம் குழுவுக்குத் தோலில் சிறு துளையிட்டு, கேமராவால் மூட்டைப் பார்த்ததோடு சரி, எதையும் சரிசெய்யவில்லை. இப்படி நடக்கலாம் என்று முன்பே அறிந்துதான் அவர்கள் சம்மதித்திருந்தனர். ஈராண்டுக்குப் பின் மூன்று குழுக்களும் தேறியிருந்தன. குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

அந்த மூன்றாம் குழுதான், ஆய்வறிக்கையில் நீங்கள் எழுதும் கட்டுப்பாட்டுக் குழு. அது இல்லாவிட்டால் தேறியதற்கெல்லாம் அறுவைச் சிகிச்சையே காரணம் என்று முடிவு செய்திருப்போம். காலம், ஓய்வு, பயிற்சி, நம்பிக்கை ஆகியவற்றின் பங்கு தெரியாமலே போயிருக்கும்.

அதற்காக அறுவைச் சிகிச்சையே வீண் என்று சொல்லவில்லை. அந்த ஆய்வு ஒரு வகைக் கிழிசல் உள்ள பெரியவர்களைப் பற்றியது; எல்லாக் காயங்களுக்கும் அது பொருந்தாது. வலியை மறைத்துக்கொண்டு ஆடுவதும் தவறு. பயிற்றுநரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் ஓய்வும் இயன்முறைப் பயிற்சியுமே முதல் படி. அறுவைச் சிகிச்சை என்று பேச்சு வந்தால், "இதைச் செய்யாமல் பயிற்சி மட்டும் செய்தால் என்ன ஆகும்?" என்று பெற்றோருடன் சேர்ந்து கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அறிவியல் வகுப்பில் நீங்கள் கற்ற கேள்விதான் அது.