மாமாவும் கடைசித் திருப்பமும்

மாணிக்கவாசகர் பிறந்த ஊர் எங்கள் திருவாதவூர். அவர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போனார். என் தாய்மாமா தனக்கு ஸ்கூட்டர் வாங்கினார். இரண்டிலுமே பணம் என்ன ஆனது என்று வீட்டில் கேள்வி வந்தது.

மதுரையிலிருந்து வந்தால் ஒத்தக்கடையில் திருமோகூர் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் மாமா அதைத் தாண்டப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தால் குடியா முழுகிவிடும்? கடைசி நொடியில் ஹேண்டில்பாரை ஒடித்தார். வாழைப்பழ வண்டிக்கு அடியில் மாமா. அவருக்கு அடியில் நான். இடது கையில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

சின்ன விமானக்காரர்களையும் இதே புத்திதான் கொல்கிறது. இறங்கும் முன் ரன்வேயை நேர்கோட்டில் பிடிக்க ஒரு கடைசித் திருப்பம் உண்டு. பின்காற்று தள்ள, கோட்டைத் தாண்டிவிடுகிறார் பைலட். தரை பக்கத்தில் தெரிவதால் அதிகம் சாய்க்கப் பயம். காலால் ரட்டரை மிதித்து மூக்கை இழுக்கிறார், கையால் ஸ்டிக்கையும். வந்தது வினை... ஸ்டால்!

ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவது இல்லை சார். இன்ஜின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். இறக்கைதான் 'இனி என்னால தாங்க முடியாது' என்று கைவிரிக்கிறது. நேராகப் பறக்கையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கிற விமானம், உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் 127-க்குக் கீழே கைவிட்டுவிடும். ரட்டரை வேறு மிதித்திருப்பதால் ஒரு இறக்கை முந்திக்கொள்ளும், விமானம் பம்பரம். ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் என்றால் சமாளிக்கலாம். இங்கே இருப்பதோ சில நூறு அடி.

மருந்து ரொம்ப சுலபம். 'கோ-அரவுண்ட்'. த்ராட்டிலை முழுசாகத் தள்ளி, மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வருவது. சில நிமிடமும் கொஞ்சம் பெட்ரோலும்தான் செலவு. ஆனால் கீழே நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்களே!

பெரிய விமானத்துக்கும் இந்த கௌரவ வியாதி உண்டு. 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். 8,033 அடி ரன்வேயில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் போனார்கள். பிழைத்தவர்கள் எட்டே பேர். துணை விமானி மூன்று தடவை 'கோ-அரவுண்ட்' சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் 21 உயிர். அங்கேயும் பக்கத்து சீட்டிலிருந்து அதே குரல் வந்திருக்கிறது.

அங்கேயாவது சொல்ல ஒருத்தர் இருந்தார். சொந்த விமானத்தில் பக்கத்து சீட்டில் பெரும்பாலும் மச்சான்தான் இருப்பான், ரன்வேயை போட்டோ எடுத்துக்கொண்டு. அவனுக்குத் திருப்பம் தப்பியதே தெரியாது.

போன மாதம் மறுபடி மாமாவின் பின்சீட்டு. ஒத்தக்கடை வருவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே, "மாமா, திரும்ப வேணாம். நேரா மேலூர் போயி டீ குடிச்சிட்டு வருவோம்" என்றேன்.

"டீக்கு யாரு மாப்ளே காசு?" என்றார்.


"நான்தான்" என்றேன்.