வாளிக்குள் பாடிய மீன்

சில வாரங்களுக்கு முன் கல்லடியிலிருந்து ஓர் இளைஞர் மின்னஞ்சலில் ஒலிக்கோப்பொன்றை அனுப்பியிருந்தார். குடும்ப நண்பர் ஒருவரின் மகன். "ஐயா, மீன் பாடுவதைப் பதிவு செய்துவிட்டேன். கேட்டுவிட்டு எழுதுங்கள்" என்று ஒரே ஒரு வரி. கேட்டேன். ஆழத்திலிருந்து எழும் ஒரு ரீங்காரம். அதன்மேல் மெல்லிய இழைகளாய் வேறு சில சுருதிகள். மெய்சிலிர்த்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பத்திரிகைத் தொழிலில் ஊறிய புத்தி எளிதில் விடுவதில்லையே. இன்னொரு வழியில் உறுதிப்படுத்தாத செய்தியை அச்சுக்கு அனுப்பக்கூடாது என்பது நாங்கள் கற்ற முதற்பாடம். அவருக்குப் பதில் எழுதினேன்: "தம்பி, வீட்டில் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, அதே கருவியை அதற்குள் அமிழ்த்தி, எதையும் மாற்றாமல் ஐந்து நிமிடம் பதிவு செய்து அனுப்பும்." மறுநாள் கோப்பு வந்தது. வாளிக்குள்ளும் மீன் பாடியிருந்தது.

பாடியது மின்சாரம். இலங்கையில் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த இரைச்சல் ஒலிப்பதிவுக் கருவிக்குள் நுழைந்தால் 50 ஹேர்ட்ஸ் மட்டும் கேட்பதில்லை. 100, 150, 200 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். ஒன்றுக்கொன்று மடங்கான அதிர்வுகள் காதுக்கு இசைவாக இருப்பது இயல்பு. மீனின் பாட்டை எதிர்பார்த்திருக்கும் காதுக்கு அது பாட்டாகவே கேட்டுவிடும்.

'மீன்பாடும் தேன்நாடு' என்று பெயர் பெற்ற மண்ணில் இது சிறிய விடயமன்று. அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் படகேறி வாவியின் ஒலியைக் கேட்டு, 1859இல் வெளியான தம் நூலில் எழுதினார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் அதிர்வுக்கு அதை அவர் ஒப்பிட்டார். மீனவர்கள் அவருக்குக் காட்டியதோ மீனையன்று; ஊரி என்னும் சிப்பியினத்தை. கடந்த நூற்றாண்டில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாடுவது எந்த உயிர் என்னும் கேள்வி இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு பதிவும் ஒரு சாட்சியம். பொய்ச்சாட்சியம் நுழைந்தால் வழக்கே கெட்டுவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள சௌசாலிட்டோவில், 1980களில், படகு வீடுகளில் வாழ்ந்தோர் இரவுதோறும் எழுந்த ரீங்காரத்தால் தூக்கமிழந்தனர். ஏதோ இயந்திரம் என்றுதான் பலரும் சந்தேகித்தார்கள். இறுதியில் அது மிட்ஷிப்மன் என்னும் மீனின் குரல் என்று தெரிந்தது. ஆண் மீன் தன் காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்துப் பெட்டையை அழைக்கும் ஒலி, ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸ். அங்கே மீனை இயந்திரம் என்றார்கள். கல்லடியில் நாம் இயந்திரத்தை மீன் என்றோம்.

அப்படியானால் இரைச்சலைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒலிவாங்கியின் சமிக்ஞையைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது இரைந்தால் உடனே புதியது வாங்க ஓட வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே வழி.

முதலில் எல்லா வயர்களையும் கழற்றி, ஒலிமட்டத்தைக் குறைத்துப் பதிவு செய்யுங்கள். எஞ்சும் மெல்லிய 'உஸ்' கருவியின் சொந்த மூச்சு. அதனோடு வாழப் பழகலாம். அடுத்து மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி பற்றரியில் இயக்குங்கள். ரீங்காரம் நின்றால் குற்றவாளி அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. கணினியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு பிளக்குகளில் இருந்து, எர்த் இரு வழிகளில் சுற்றி வளையமாகும்போது இது நேரும். எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் இணைத்தால் பெரும்பாலும் தீரும். எர்த் கம்பியை வெட்டிவிடு என்று சொல்வோரை நம்பாதீர்கள். தண்ணீரில் கைவைக்கும் வேலையில் அது உயிரோடு விளையாடுவது. ரீங்காரத்துக்குப் பதிலாகக் கீச்சென்ற ஒலி கேட்டால் யுஎஸ்பி வயரையும் துளையையும் மாற்றிப் பாருங்கள்.

நம் இளைஞரின் வீட்டில் பழுது இரண்டு இடத்தில் இருந்தது. வாவிக்கரையிலுள்ள வீட்டுக்குள் மடிக்கணினியைச் சார்ஜரில் வைத்து, அங்கிருந்து தண்ணீர் வரை நீண்ட வயர் இழுத்திருந்தார். நீரடி ஒலிவாங்கியும் சொந்தக் கைவேலை: பியசோ வில்லை ஒன்றைப் பசையால் மூடி, கவசமில்லாத இரு கம்பி வயரில் இணைத்தது. அத்தகைய வயர் நீளமான அன்டெனாதான். சுவருக்குள் ஓடும் மின்சாரத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். வில்லைக்கு அருகிலேயே சிறிய முன்பெருக்கி வைத்து, கவசமிட்ட மூன்று கம்பி வயரில் சமிக்ஞையை அனுப்பினால், இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும் இரைச்சல் மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துவிடும்.

இதையெல்லாம் எழுதியபோது அவர் கேட்டார்: "எதற்கு ஐயா இவ்வளவு பாடு? இரைச்சலை நீக்கும் மென்பொருள் இருக்கிறதே?" இங்கேதான் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். அம்மென்பொருள் மாறாமல் நீடித்து ஒலிப்பதை இரைச்சல் என்று கொண்டு அழிக்கிறது. நீடித்து ரீங்கரிக்கும் மீன் ஒன்று இருந்தால் அதையும் சேர்த்தே அழிக்கும். அழிந்தது எது என்பதை அடுத்த தலைமுறை அறிய வழியில்லை. பாடகரின் குரலைத் துப்புரவாக்க அது உதவட்டும். சாட்சியத்தில் அது கைவைக்கக் கூடாது. மூலப்பதிவை அப்படியே காத்து, நாள், நேரம், இடம், நிலவு, கருவி ஆகியவற்றை எழுதிவையுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்கள் நம்மிடம் இருக்கின்றன. அங்கே சேர வேண்டியது குறிப்புகளோடு கூடிய மூலப்பதிவு.

போர்க்காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு, பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தின் கீழே தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் காது வைத்துக் கேட்பது, பெரியவர்கள் சொன்ன கதை மட்டுமே. இன்று போகலாம். ஆனால் இரவிலும் பாலத்தில் வாகனங்கள் ஓடுகின்றன, படகு இயந்திரங்கள் உறுமுகின்றன. வெளி இரைச்சலை நிறுத்துவது நம் கையில் இல்லை. கருவிக்குள் இருக்கும் இரைச்சலை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

சென்ற வாரம் இரண்டாவது கோப்பு வந்தது. இம்முறை தோணியிலேயே, பற்றரியில் பதிந்தது. நீரின் அசைவு, இறால்கள் இடுக்கியைச் சொடுக்குவது போன்ற வெடிப்பொலி, தொலைவில் ஒரு படகு. பாட்டு இல்லை. "ஏமாற்றம்தான் ஐயா" என்று எழுதியிருந்தார். இல்லை தம்பி; வாவியிலிருந்து நீர் கொண்டுவந்த முதல் உண்மைச் செய்தி இது. அடுத்த பௌர்ணமிக்கு மீண்டும் போம்.