செத்த பிறகு 10 லட்சம்... அதற்கு முன்னால்?

பி.காம். படிக்கிறவனுக்கு எதிலும் கணக்குதான் முதலில் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் என்று அரசு அறிவித்தது. 65 பேர் என்றாலே ஆறரைக் கோடி! 2023-ல் மரக்காணத்திலும் இதே சாவு, இதே 10 லட்சம்.

நிவாரணம் தப்பே இல்லை. ஆனால் சாவைத் தடுக்க ஊருக்கு என்ன கொடுத்தோம்?

அமெரிக்காவில் 1997-ல் ஒரு சட்டம் வந்தது. பெற்றோர், பள்ளி, போலீஸ், இளைஞர்கள் எல்லோரும் சேர்ந்து குழு அமைத்தால், போதைத் தடுப்புக்கு வருடம் 1,25,000 டாலர் வரை கிடைக்கும். குழுவும் தன் பங்கைப் போட வேண்டும்.

நம்மிடம் மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. வங்கிக் கணக்கு, வரவு செலவு நோட்டு எல்லாம் இருக்கிறது. குழுவுக்கு வருடம் 2 லட்சம் என்றால், அந்த ஆறரைக் கோடியில் 325 குழுக்கள்! குடியை விட நினைப்பவரை சிகிச்சைக்குக் கூட்டிப்போகலாம். கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சுவதை விட்டவருக்குக் கறவை மாடு வாங்கித் தரலாம்.

விற்பவனைப் பிடிப்பது மட்டும் போலீஸ் வேலையாகவே இருக்கட்டும். அந்த ஆபத்தைப் பெண்கள் தலையில் கட்டக் கூடாது.

பணத்தை யாராவது சாப்பிட்டுவிட்டால்? கிராம சபையில் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். ஊரே ஆடிட்டர்தான்!