ஸ்கூட்டருக்கு முன் ஒரு ஹெலிகாப்டர்

தந்தை மறைந்து, முப்பதாம் நாள் திருப்பலியும் நிறைவுற்றபின், அவருடைய தகரப்பெட்டி திறக்கப்படுகிறது. தீர்வை ரசீதுகளுக்கிடையே மக்கள் என்றும் கண்டிராத வரைபடமோ கணக்கேடோ கிடைக்கின்றது. "இதுவும் அப்பா செய்ததா?" என வியப்போர் சிலர், எடைக்குப் போட்டுவிடுவோரே பலர்.

வ. புதுப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஸ்கூட்டரில் சென்றுவந்த தந்தையர் நம்மிடையே உண்டு. பஜாஜ் நிறுவனத்தார் முதலில் செய்தது, உரிமம் பெற்ற இத்தாலிய வெஸ்பா. அதனை வடிவமைத்தவர் கொர்ராதீனோ தஸ்கானியோ. உலகம் அவரை ஸ்கூட்டர்க்காரராகவே அறியும். அவர் மனமோ வேறிடத்தில் இருந்தது.

1930 அக்டோபரில் ரோமாபுரியை அடுத்த சாம்பினோ விமானத்தளத்தில் அவருடைய ஹெலிகாப்டர் எழும்பியது. ஒற்றைச் சுழலி சுழன்றால், அதற்கு எதிர்த்திசையில் உடற்பகுதியும் சுழல முற்படும். ஆகவே ஒரே அச்சில், ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிராய்ச் சுழலும் இரண்டினை அமைத்தார். அது பதினெட்டு மீட்டர் உயர்ந்தது. நம் வட்டாரத்து நெட்டைத் தென்னையின் உயரம் என்று கொள்ளலாம். 8 நிமிடம் 45 விநாடி வானில் நின்றது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாகப் பறந்தது. சில ஆண்டுகள் எவரும் இவற்றை விஞ்சவில்லை. ஆயினும் பொருள்முடை வந்தது, முயற்சி நின்றது. 1932இல் பியாஜ்ஜியோ நிறுவனத்தில் பணியேற்றார்.

போருக்குப்பின் மலிவான இருசக்கர வாகனம் ஒன்று கேட்டார்கள். மோட்டார் சைக்கிளை அவர் விரும்பியதில்லை. உடுப்பில் எண்ணெய்க் கறை, சக்கரம் கழற்றும் தொல்லை! எனவே சங்கிலியை நீக்கினார்; விமானத்தின் இறங்குசக்கரம் போல, முன்சக்கரத்தை ஒருபுறத் தாங்கியிலேயே பொருத்தினார். 1946 ஏப்ரலில் காப்புரிமை கோரப்பட்டது. ஆகாயத்துக்காகக் கற்றது அங்ஙனம் நம் தெருவுக்கு வந்தது.

புகழ் வந்தபின்னும் அவர் ஹெலிகாப்டருக்கே திரும்பினார். 1952இல் மற்றொன்று பறந்தது; விபத்துக்குள்ளானது; நிறுவனம் கைவிட்டது. 1981இல், தமது தொண்ணூறாம் வயதில், பீசா நகரில் காலமானார்.

புகழ் பெற்றவருக்கே இந்நிலை. பஞ்சாலையிலும் பட்டறையிலும் உழைத்த நம் பெரியவர்களின் காகிதங்களை யார் தேடப்போகின்றார்? கல்லறைத் திருநாளுக்கு ஊர் திரும்புவோர், பெட்டி இன்னும் விலைபோகாதிருப்பின், வரைபடங்களைத் தனியே எடுத்து, அது இன்னதென்று சொல்லவல்ல சித்தப்பாவோ அத்தையோ உயிருடன் இருக்கும்போதே கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஆண்டும் குறித்து வைப்பார்களாக. மை வேண்டாம், நாளடைவில் மறுபக்கம் ஊறிவிடும்.