கணினி அறைக்குப் பூட்டுப் போடுவோர் கவனத்திற்கு!



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. நம் தமிழ்ப்பள்ளிகளின் கணினி அறைகளில் அத்தகைய கணினிகள் எத்தனை இருக்கின்றன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பண்டமாரானில் குடியிருக்கும் ஆசிரியன் நான். அண்மையில் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்தச் செய்தி பேசப்பட்டது. "இருப்பவை எல்லாம் பழசு. இனி உதவாது. நன்கொடை திரட்டிப் புதிதாக வாங்குவோம். அதுவரை அறையைப் பூட்டி வைப்போம்" என்றார் ஒருவர். பலரும் தலையாட்டினர். எனக்கு மனம் கொதித்தது. அங்கே முழுமையாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். கணினி பழுதாகிவிட்டதா, அல்லது அதிலுள்ள இயங்குதளத்தின் காலம் முடிந்ததா? இரண்டும் ஒன்றல்ல. 4 ஜிகாபைட் நினைவகமும் 64 பிட் செயலியும் உள்ள கணினி, எளிய திரைச்சூழல் கொண்ட லினக்ஸ் இயங்குதளத்தில் மாணவர் வேலைக்குப் போதுமான வேகத்தில் ஓடும். கட்டணம் செலுத்தி விண்டோஸ் 10இன் பாதுகாப்பை இன்னும் சில காலம் நீட்டித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால், அது தவணை கேட்பதே தவிரத் தீர்வு ஆகாது.

நாம் இதுவரை செய்து வந்தது என்ன?

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் இருபது கணினிகள் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் வருவார். ஒவ்வொரு கணினியாக அமர்ந்து வட்டைப் போடுவார், அழிப்பார், நிறுவுவார். கணக்குப் பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போவார். மூன்றாம் மாதத்தில் பாதிக் கணினிகள் மீண்டும் படுத்துவிடும். அவர் போட்டுச் சென்றவற்றுக்கு உரிமம் இருந்ததா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். காலையில் நன்னெறிப் பாடத்தில் நேர்மையைப் பற்றிப் பேசிவிட்டு, மாலையில் திருட்டுப் படிகளில் மாணவர்களை அமர்த்தினேன். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்திற்கும் பொருந்தும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

இதற்கு மாற்று வழி உண்டு. அதன் பெயர் பிணைய நிறுவல் வழங்கி.

அது என்ன?

பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். அறையிலுள்ள கணினிகளில் ஒன்றை வழங்கியாக ஆக்குகிறோம். மற்றவை வட்டோ விரலியோ இல்லாமல், பிணையக் கம்பி வழியாகவே அதனிடமிருந்து இயங்குதளத்தைப் பெற்றுத் தாமே நிறுவிக்கொள்கின்றன. யூனிக்ஸ் உலகில் இது புதிதன்று. சன் நிறுவனத்தின் சோலாரிசுக்கு ஜம்ப்ஸ்டார்ட், ரெட் ஹாட்டுக்குக் கிக்ஸ்டார்ட் என்று முன்பே இருந்தன. செருமனியின் கோலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே என்பவர் 1999இல் தொடங்கிய எப்.ஏ.ஐ. என்னும் முழுத் தானியங்கி நிறுவல் மென்பொருள் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

நடப்பது இதுதான். மாணவர் கணினியை முடுக்கியதும் அதன் பிணைய அட்டை, "எனக்கு முகவரி தருவார் உண்டா?" என்று பிணையத்தில் கேட்கிறது. வழங்கியிலுள்ள டி.எச்.சி.பி. சேவை முகவரியைத் தந்து, தொடக்கக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்கிறது. அந்தச் சிறு கோப்பை டி.எப்.டி.பி. என்னும் எளிய முறையில் கணினி இழுத்துக்கொள்கிறது. பிறகு நிறுவல் நிரல் ஓடத் தொடங்கும். மொழி எது, விசைப்பலகை எது, வன்தட்டை எப்படிப் பிரிப்பது என்று அது கேட்கும் வினாக்களுக்கெல்லாம் நாம் முன்கூட்டியே எழுதி வைத்த விடைக்கோப்பு பதில் சொல்லிவிடும். டெபியனில் இதனைப் பிரிசீட் என்பர். தொடக்கப் பகுதிக்கான பி.எக்ஸ்.இ. என்னும் நெறிமுறையை இன்டெல் நிறுவனம் வகுத்தது. அதன் 2.1 பதிப்பு 1999இல் வெளிவந்தது. ஆகவே, நாம் குப்பை என்று சொல்லும் கணினிகளிலும் இந்த வசதி பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கிறது!

இணையச் செலவையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கணினிக்கு 2 ஜிகாபைட் என்று வைத்துக்கொண்டால் இருபது கணினிகளுக்கு 40 ஜிகாபைட். வழங்கியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் இடைச்சேமிப்பு மென்பொருளை வைத்தால் அந்த 2 ஜிகாபைட்டை ஒருமுறை இறக்கினால் போதும். மற்ற பத்தொன்பதும் அறைக்குள்ளேயே பகிரப்படும்.

செய்யக்கூடாதவை

ஆர்வத்தில் தவறு செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. அமைச்சின் உடைமையாகப் பதிவுபெற்ற கணினிகளில் உரிய அனுமதியின்றிக் கைவைக்காதீர். நன்கொடையாக வந்தவையானாலும் தலைமையாசிரியரின் இசைவோடு தொடங்குங்கள்.

2. பள்ளிப் பிணையத்தில் முகவரி தரும் சேவை ஏற்கெனவே இருக்கும்போது இரண்டாவதாக ஒன்றை முடுக்கினால் பள்ளியின் இணையமே குழம்பிவிடும். கணினி அறைக்குத் தனி இணைப்பி வைத்துப் பிரித்துவிடுங்கள். அல்லது டி.என்.எஸ்.மாஸ்க் மென்பொருளைத் துணை முறையில் அமையுங்கள். அப்போது அது முகவரி தராது, தொடக்கக் கோப்பின் இடத்தை மட்டும் சொல்லும்.

3. நிறுவல் முடிந்ததும் வழங்கியின் முதல் தெரிவை "உள்ளிருக்கும் வன்தட்டிலிருந்து தொடங்கு" என மாற்றுங்கள். மறந்தால், மறுநாள் கணினியை முடுக்கும் மாணவனின் வேலையெல்லாம் அழிந்துபோகும். நான் மறந்திருக்கிறேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் ஓவியக் கோப்புகள் போயின. அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

4. பழைய பயாஸ் கணினிக்கும் புதிய யு.இ.எப்.ஐ. கணினிக்கும் தொடக்கக் கோப்பு வேறு வேறு. இரண்டையும் வைத்திருங்கள். 32 பிட் கணினிகளை மட்டும் விட்டுவிடலாம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 அவற்றுக்கு நிறுவல் வசதியை நிறுத்திவிட்டது.

"நம்மால் முடியுமா?" என்போருக்கு

நோர்வே நாட்டவர் முடியும் என்றனர். தம் பிள்ளைகள் தம் மொழியிலேயே கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கத்தோடு 2001இல் ஸ்கோலலினக்ஸ் திட்டத்தைத் தொடங்கினர். இன்று அது டெபியன் எடு என வழங்குகிறது. அதன் முதன்மை வழங்கியை நிறுவினாலே பிணைய நிறுவலும் சேர்ந்தே அமைந்துவிடும். அந்த வழங்கிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சேனர்'. நோர்வே மொழியில் பணியாள் என்று பொருள்.

கேரளத்தாரும் முடியும் என்றனர். அங்கு 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பின்னர் அது கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. உயர்நிலைப் பள்ளிகளில் கணினிப் பொறுப்பை ஆசிரியர்களிடமே கொடுத்துப் பயிற்சியும் அளித்தனர். பொறியாளர் வருவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நாம் மட்டும் என்ன குறைந்தவர்களா? முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பிறந்தது இந்த மலேசிய மண்ணில். 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது நம் கோலாலம்பூரில். 2004இலேயே நம் அரசு பொதுத்துறைக்கெனத் திறமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது. தமிழைக் கணினியில் ஏற்ற வழிகாட்டிய நாட்டில், கணினியில் இயங்குதளத்தை ஏற்ற வெளியாளைத் தேடுகிறோம்!

"லினக்ஸில் பாடம் நடத்த முடியுமா?" என்று கேட்கிறார்கள். அமைச்சின் டெலிமா தளம் உலாவியில் இயங்குகிறது. ஸ்கிராட்ச் நிரலையும் உலாவியிலேயே பயன்படுத்தலாம். கட்டுரை தட்டச்சு செய்ய லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது. அதை விடைக்கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால் இருபது கணினிகளிலும் தமிழ் வந்துவிடும். அலுவலகப் படிவங்களுக்கு விண்டோஸ் வேண்டுமானால் அலுவலகக் கணினியில் இருக்கட்டும். அதற்காகப் பிள்ளைகளின் அறையைப் பூட்டுவது எந்த நியாயம்?

"ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலைச்சுமை" என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் பெற்றோரையும் அழைக்கிறேன். எங்கள் வழங்கியை அமைக்கத் தோள் கொடுத்தவர் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தந்தை. சனிக்கிழமை காலை பிணையக் கம்பிகளோடு வந்தார். முதல் வாரம் ஒன்றும் ஓடவில்லை. இரண்டாம் வாரம் ஒரு கணினி ஓடியது. மூன்றாம் வாரம் இருபதையும் ஒன்றாக முடுக்கினோம். திரைகளில் எழுத்துகள் வரிசையாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மகள், "அப்பா, யாருமே தொடலையே, எப்படி ஓடுது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவர் தமிழில் விளக்கம் சொன்னார். எனக்குத் தெரிந்து அந்த அறையில் நடந்த மிகச் சிறந்த கணினிப் பாடம் அதுதான்.

புதுக் கணினி வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. மாதிரிக் காசோலையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மகிழ்ச்சி. ஆனால், பராமரிக்கும் அறிவு பள்ளிக்குள் இல்லாவிட்டால் புதியதும் மூன்று ஆண்டில் பழையதாகும். மீண்டும் நன்கொடை நூல் அச்சடிப்போம். இடைப்பட்ட காலத்தில் "தமிழ்ப்பள்ளியில் வசதி இல்லை" என்று சொல்லி இன்னும் சில பெற்றோர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவர். அவர்களை நாம் குறை சொல்ல முடியுமா? பூட்டிய அறையைத்தானே அவர்கள் பார்த்தார்கள்!

ஆகவே, அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நம் கணினி அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? ஒரு கணினி படுத்துவிட்டால் அதை எழுப்பத் தெரிந்தவர் நம் பள்ளியில் யார்? இரண்டாவதற்கு விடை இல்லையென்றால் அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு பழைய கணினி, ஓர் இணைப்பி, சில கம்பிகள், இரண்டு மூன்று சனிக்கிழமைகள் போதும்.

கிள்ளான் வட்டாரத்தில் எந்தத் தமிழ்ப்பள்ளி அழைத்தாலும் என் விடைக்கோப்பை எடுத்துக்கொண்டு வரக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
பண்டமாரானிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்