கூட்டம் வந்தால் படுத்துவிடும் அகப்பக்கங்கள்: நினைவகக் கணக்கை முன்பே போட்டால் தவிர்க்கலாம்

கோலாலம்பூர் - 2021 மே 26, நண்பகல் 12 மணி. அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கான இயங்கலைப் பதிவு தொடங்கியது. பலருக்குப் பக்கமே சரியாகத் திறக்கவில்லை. தடுப்பூசித் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் கைரி ஜமாலுடின் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அது நாடு தழுவிய திட்டம். ஆனால், ஆலய உபயப் பதிவு, டியூஷன் வகுப்புச் சேர்க்கை, விளையாட்டுப் போட்டிப் பதிவு என நம் சமூக அளவிலும் இதே ஏமாற்றம் தொடர்கிறது. “கூட்டம் அதிகம், சர்வர் தாங்கவில்லை” என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடுகிறது. சிறிய அகப்பக்கங்களில் அந்தப் பதிலுக்குப் பின்னால் பல வேளைகளில் இருப்பது நினைவகப் பற்றாக்குறை. இதை முன்கூட்டியே தவிர்க்க முடியும்.

இயக்கங்கள் பெரும்பாலும் 1 அல்லது 2 ஜிபி நினைவகம் கொண்ட சர்வரையே வாடகைக்கு எடுக்கின்றன. அகப்பக்கமும் பெயர்களைச் சேமிக்கும் தரவுத்தளமும் அதே சர்வரில் இயங்குகின்றன. நினைவகம் தீர்ந்துபோனால், சர்வர் முழுவதும் முடங்காதிருக்க லினக்ஸ் இயங்குதளம் ஏதாவது ஒரு மென்பொருளைக் கட்டாயமாக நிறுத்திவிடும். அதிக நினைவகத்தைப் பிடித்திருப்பதே முதலில் சிக்கும். பெரும்பாலும் அது தரவுத்தளம்தான்.

கணக்கு கடினமானதல்ல. பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு செயலாக்கத்துக்கும் 50 எம்பி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் 40 செயலாக்கங்கள் ஓடினால் 2 ஜிபி போய்விடும். தரவுத்தளத்துக்கு இடமே இல்லை. எனவே, ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்பதற்கு வரம்பு வைப்பதே முதல் வேலை. வரம்பைத் தாண்டியவர்கள் சற்றுக் காத்திருப்பார்கள். பதிவு மட்டும் நிற்காது.

இரண்டாவது, தரவுத்தளத்தின் பங்கு. மைஎஸ்கியூஎல் தன் முக்கிய இடைச்சேமிப்புக்கு இயல்பாக 128 எம்பி எடுத்துக்கொள்கிறது. நினைவகத்தில் 80 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்ற ஆலோசனை, தரவுத்தளம் மட்டுமே இயங்கும் சர்வருக்கு உரியது. அதை 2 ஜிபி பொதுச் சர்வரில் அப்படியே பின்பற்றினால் மற்ற அனைத்துக்கும் 400 எம்பிதான் மிஞ்சும். 151 என இயல்பாக அமைந்திருக்கும் இணைப்பு வரம்பையும் சர்வரின் அளவுக்கேற்பக் குறைக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் தனியே நினைவகம் கேட்கும்.

வட்டில் ஒதுக்கும் ஸ்வாப் இடம் அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் அது மிக மெதுவானது, நிரந்தரத் தீர்வாகாது. தரவுத்தளம் விழுந்தால் தானாக மீண்டும் எழும்படி அமைப்பதும் நல்லது. இருந்தாலும், காரணத்தைப் பதிவேட்டில் பார்க்காமல் திரும்பத் திரும்ப இயக்கினால் அடுத்த கூட்டத்தில் அதே கதைதான்.

ஏற்பாட்டாளர்களுக்கும் பொறுப்பு உண்டு. பதிவு நாளுக்கு முன்பே சோதனை நடத்தலாம். எல்லோரையும் ஒரே நிமிடத்தில் அழைக்காமல் வட்டாரம் வாரியாகத் திறக்கலாம். தொலைபேசி வழியாகவும் சில இடங்களை ஒதுக்கலாம்.

வீட்டில் அதிவேக இணையம் உள்ளவர் பத்து முறை முயல்வார். தோட்டப்புறத்தில் ப்ரீபெய்ட் டேட்டாவை நம்பி, வேலைக்கு நடுவே கைப்பேசியை எடுப்பவருக்கு ஒரே வாய்ப்புதான். சர்வர் விழுந்தால் முதலில் இடத்தை இழப்பவர் அவர்.