அம்மா என்று கூப்பிட்டேன்

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். விடியுமுன் உப்பு வாரப் போனவர்கள் வேலை முடிந்து சாலைக்கு ஏறி வரும் நேரம். பக்கத்தில் வந்து நின்ற பெண்ணிடம், "பாண்டிச்சேரி பஸ் போயிடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் போச்சு தம்பி. இனிமே அரை மணி ஆவும்."

பேச்சு வளர்ந்தது. முப்பது வருஷமாக உப்பளத்து வேலை. பேரன் பள்ளிக்கூடம் போகிறான். முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போடலாம் என்று போனாராம், ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து என்னிடமும் காட்டினார். பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டால் 48. எனக்கு 52.

நான் "அம்மா" என்றதும் அவர் "தம்பி" என்றதும் இருவருக்கும் இயல்பாகத்தான் வந்தன. அதுதான் என்னை உறுத்தியது.

கல்லூரி மாணவி ஒருவர் இந்தப் பத்திக்கு எழுதிக் கேட்டிருந்த கேள்வி அன்று என் பையில் இருந்தது. வேகமாகப் பயணம் செய்கிறவருக்கு வயது மெதுவாக ஏறுமாமே, நிஜமா? நிஜம்தான். 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னது அது. ஓடுகிற கடிகாரம், நிற்கிற கடிகாரத்தைவிட மெதுவாக நகரும். கடிகாரம் மட்டுமல்ல, நாடித் துடிப்பு, நகம் வளர்வது, தலை நரைப்பது எல்லாமே. 1911-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன் ஒரு கணக்குச் சொன்னார்: ஒளியின் வேகத்தை மிக நெருங்கிப் பறக்கும் ஊர்தியில் ஒருவர் 2 ஆண்டு போய்விட்டு வந்தால், இங்கே பூமியில் 200 ஆண்டு கழிந்திருக்கும். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் கிழவனாகவும் ஒருவன் இளைஞனாகவும் சந்திக்கும் கதை அதிலிருந்து கிளைத்ததுதான்.

நம்முடைய வேகத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? இந்தச் சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் தினம் எட்டு மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று 30 வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெறும் ஓட்டுநருக்கு மிச்சமாவது அரை மைக்ரோ விநாடிகூட இல்லை. ஒரு விநாடியை இருபது லட்சமாக வெட்டி எடுத்த ஒரு துணுக்கைவிடக் குறைவு. சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் போய் 286 நாள் விண்வெளியில் தங்கி 2025 மார்ச்சில் திரும்பினாரே, விநாடிக்கு ஏழரை கி.மீ.க்கு மேல் சுற்றிய அவருக்கும் மிச்சம் ஏறக்குறைய 7 மில்லி விநாடிதான். கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கும் தேறாது.

துணுக்குதான் என்றாலும் அளக்க முடிகிற துணுக்கு. 1971-இல் ஹஃபேலும் கீட்டிங்கும் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து அளந்தே காட்டினார்கள். மரக்காணத்து மீனவர் படகில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவிக்குத் தகவல் அனுப்பும் செயற்கைக்கோளில், வேகத்தால் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோ விநாடி முந்தும். அந்த வித்தியாசத்தைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கு 10 கி.மீ.க்கு மேல் பிசகும்.

எனக்குப் பிடித்த சான்று வேறு. அதில் நம்மவர் ஒருவரின் பெயர் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் காற்றணுக்களை மோதி உடைக்கும்போது மியூயான் என்ற துகள் பிறக்கிறது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அதற்குள் ஒளியே ஓடினாலும் 660 மீட்டர்தான் போகும். மியூயான் பிறப்பதோ சுமார் 15 கி.மீ. உயரத்தில். அதன் காலமும் நம் காலமும் ஒன்றேயானால் நூறு கோடியில் ஒன்றுகூடத் தரைக்கு வந்து சேராது. ஆனால் வருகிறது, மழை மாதிரி. ஒளியை ஒட்டிய வேகத்தில் ஓடுவதால் அதன் ஆயுள் நம் கணக்கில் பல மடங்கு நீள்கிறது. இப்படிப்பட்ட துகளின் ஆயுளைக் கவனித்தாலே ஐன்ஸ்டைன் சொன்னதைச் சோதித்துவிடலாம் என்று 1938-இலேயே எழுதியவர் ஹோமி பாபா. அப்போது அவருக்கு 28 வயது, கேம்பிரிட்ஜில் இருந்தார். பின்னாளில் அவர் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்தான் இன்று ஊட்டி அருகே முத்தோரையில், 560 சதுர மீட்டர் பரப்புள்ள கருவியில், இரவும் பகலும் மியூயான்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.

கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒன்று வீதம் விழுகிறது. உள்ளங்கையை விரித்தால் விநாடிக்கு ஒன்று அதை ஊடுருவிப் போகும்.

ஆதார் அட்டையை நீட்டிய அந்தக் கையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். விரல் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்த தோல். பலகைக் கம்பைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கட்டைவிரல் ஓரத்தில் ஆறாத வெடிப்பு. அதில் உப்புத் தண்ணீர் படாத நாள் பருவத்தில் கிடையாது. ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷினில் பதிவாகவில்லை என்றும் சொன்னார். சாகாமல் வந்து சேர்ந்த மியூயான்கள் அந்தக் கை வழியாகவும் போய்க்கொண்டுதான் இருந்தன.

இன்னொன்றும் உண்டு. உயரம் கூடினால் கடிகாரம் வேகமாக ஓடும் என்றேனே, அதன்படி ஊட்டியில் இருக்கும் கடிகாரம் கடலோரக் கடிகாரத்தைவிட வருஷத்துக்கு ஏழு மைக்ரோ விநாடிக்கு மேல் முந்துகிறது. ஆக, இயற்பியல் சட்டப்படி, கடல் மட்டத்து மரக்காணத்தில் இருப்பவர் மலைவாசியைவிட மெதுவாகத்தான் மூப்படைய வேண்டும்.

அவரை முந்தி மூப்படைய வைத்த காரணங்களும் அறிவியலுக்குத் தெரிந்தவைதான். வெயிலின் புற ஊதாக் கதிர் தோலுக்குள் உள்ள கொலாஜன் இழைகளை அறுக்கும். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் அடிப்பதில்லை. பாத்தித் தண்ணீரும் வெள்ளை உப்பும் அதை முகத்துக்கே திருப்பி அனுப்பும். கண்ணில் சதை வளரும், புரை விழும். ஒதுங்கக் கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சூட்டில் அது சிறுநீரகத்தைத் தின்கிறது. தலைச்சுமை கழுத்தெலும்பையும் முழங்காலையும் தேய்க்கிறது. இதில் மிச்சமாகும் மைக்ரோ விநாடி எதுவும் இல்லை, போவதெல்லாம் வருஷம் வருஷமாகத்தான் போகிறது.

எல்லாருக்கும் பொதுவான ஒரே கடிகாரம் கிடையாது என்று ஐன்ஸ்டைன் சொல்லி 120 வருஷம் ஆகிவிட்டது. செயற்கைக்கோளுக்கு அதன் வேகமும் உயரமும் பார்த்துத் தனிக் கணக்குப் போட்டுத் திருத்துகிறோம். முதியோர் உதவித்தொகைக்கு மட்டும் பாத்தியில் நின்றவருக்கும் ஃபேன் காற்றில் உட்கார்ந்தவருக்கும் அதே அறுபது. மழைக்கால மாதங்களில் வேலையற்ற உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 2022-இல் 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். இந்தத் தொழிலுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பதை அரசே அதில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே மனசோடு, உப்பளத்தில் இருபது வருஷம் உழைத்தவருக்கு ஐம்பது வயதிலேயே ஓய்வூதியம் கொடுக்க வேண்டும். அளத்துக்கு அளம் நிழலும் குடிதண்ணீரும் கழிப்பறையும் கருப்புக் கண்ணாடியும் உடனே வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவிக்கு: பதில் முழுக்கச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒரு முறை மரக்காணத்தில் இறங்கிப் பாருங்கள், விடியுமுன் போங்கள்.

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். அவர் எதிர்ப்பக்கம், திண்டிவனம் போகிற பஸ்ஸுக்கு நடந்தார். அந்த அட்டையின்படி அவருக்கு அறுபது ஆக இன்னும் 12 உப்புப் பருவங்கள் இருக்கின்றன.